கொடிமலை ஓடைத் தேரை: வாயால பொழைக்குற உயிர்

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன், படத்தையும் பெருசாக்கி பார்த்தேன். ஞாயித்துக்கெழமை பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம் மலையேறப் போனப்ப உங்க மகள் ஓடைப் பாறையில ஒட்டிக்கிட்டிருந்த நாலு கறுப்பு தலைப்பிரட்டைய மினரல் வாட்டர் போத்தல்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கா, விடியறதுக்குள்ள ரெண்டு செத்துப் போச்சு, மிச்சம் ரெண்டு போத்தல் சுவத்துல வாயை வச்சு ஒட்டிக்கிட்டு அசையாம கெடக்குது. பக்கத்து வீட்டு பெரியவர் இது பினாங்குல மட்டும்தான் இருக்குற தேரைன்னு சொல்லிட்டாரு. அது உண்மையா, ஏன் செத்துச்சு, மிச்சத்தை வீட்டுலயே வளர்த்து பெருசாக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல இதைச் செய்யுங்க. போத்தல்ல இருக்குற அந்த ஓடைத் தண்ணியவே ஒரு அகலமான தட்டுலயோ பேசின்லயோ ஊத்துங்க, ரெண்டு விரல் ஆழம் போதும், தண்ணி எவ்வளவு பரந்து இருக்கோ அவ்வளவு காத்து உள்ள போகும். மீன் தொட்டிக்கு வைக்கிற காத்து பம்பு இருந்தா புதுசா கழுவி போடுங்க. குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கூட சேர்க்காதீங்க, அதுல இருக்குற குளோரின் இதுங்களோட செவுளையும் தோலையும் சுட்டுடும். வெயில் படாத, வீட்டுலயே ரொம்ப குளுமையான மூலையில வைங்க. சோறு, மீன் தீனி எதுவும் போடாதீங்க, ஒரு நாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகாது, ஆனா தீனி அழுகி தண்ணி கெட்டா ஒரு மணி நேரம் தாங்காது. நாளைக்கு காலையில கொண்டுபோய் எடுத்த எடத்துலயே விடணும், எப்படி விடணும்னு கடைசியில சொல்றேன்.

இப்ப அது என்னன்னு பார்ப்போம். போத்தல் வழியா எடுத்த படத்துல வாய் நல்லா தெரியுது, சாதாரண தலைப்பிரட்டைக்கு வாய் மூஞ்சிக்கு முன்னால சின்னதா இருக்கும், இதுக்கு மூஞ்சிக்கு அடியில வட்டமா ஒரு தட்டு மாதிரி பரந்து இருக்கு, உடம்பு தட்டையா, வாலு தசைப்பிடிப்பா இருக்கு. இது அன்சோனியான்னு ஒரு குலம், ஓடைத் தேரைங்க. பினாங்கு தீவுல இந்தக் குலத்துல இருக்குறது அன்சோனியா பினாங்கென்சிஸ். பேருலயே ஊரு இருக்கு. அதனால பெரியவர் சொன்னது சரிதான், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, இந்தக் காலத்துல இதைத் தெரிஞ்சு வச்சிருக்கறவங்க ரொம்ப கம்மி.

நம்ம பழமொழியில நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க, மழைக்கு கத்தி பாம்புகிட்ட மாட்டிக்கும்னு. இந்தத் தேரையோட கதை அதுக்கு நேர் எதிர், இது தன் வாயாலதான் பொழைக்குது. எப்படின்னு கேளுங்க. கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், முழுக்க கருங்கல்லு, கிரானைட், அதுல சரிவா எறங்குற ஓடை எல்லாம் பாறைக்குப் பாறை தாவி வர்ற தண்ணி. மழை பெஞ்சா அரை மணி நேரத்துல முழங்கால் ஓடை இடுப்புக்கு வந்துடும், நீங்களே பார்த்திருப்பீங்க. அப்படிப்பட்ட தண்ணியில ஒரு அரிசி மூட்டை கூட நிக்காது, அங்க நகத்தளவு குஞ்சு எப்படி நிக்கும்? அந்த வாய்த்தட்டை பாறையில அமுக்கி உறிஞ்சு புடிச்சுக்கும். அமுக்கிப் புடிச்சுக்கிட்டே, வாய்க்குள்ள மேல ரெண்டு வரிசை கீழ மூணு வரிசைன்னு ரொம்ப பொடியா இருக்குற கெரட்டின் பல்லால (நம்ம நகத்துல இருக்குற அதே பொருள்) பாறை மேல படிஞ்ச பாசியை சுரண்டித் தின்னும். நங்கூரமும் அதுதான் அகப்பையும் அதுதான். வாயை எடுத்தா அடிச்சிக்கிட்டு போயிடும், எடுக்காமலேயே மெதுவா நகர்ந்து நகர்ந்து மேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

உடம்பு தட்டையா இருக்குறதுக்கும் காரணம் இருக்கு. ஓடுற தண்ணி எவ்வளவு வேகமா போனாலும் பாறையை ஒட்டி ஒரு மெல்லிசான அடுக்குல வேகம் கம்மியா இருக்கும், கல்லோட உராய்வு அதை இழுத்துப் புடிக்கும். தட்டையான உடம்பு அந்த அடுக்குக்குள்ள பதுங்கிக்குது, மேல வெள்ளம் கடந்து போயிடுது. இதே மாதிரி அருவியில வாழுற வேற தவளைங்களும் நம்ம மலேசியத் தீபகற்பத்துல இருக்கு, லாருட் மலைப் பேரை வச்ச அமோலோப்ஸ்னு ஒண்ணு, அதோட குஞ்சுக்கு வயித்துலயே தனியா ஒரு உறிஞ்சுத் தட்டு இருக்கும். அதாவது அது வயித்தால புடிக்குது, இது வாயால புடிக்குது. ஒரே சிக்கல், ரெண்டு குடும்பம், ரெண்டு வழி. பள்ளிக்கூடத்துல உயிரியல் சொல்லிக் குடுத்த வருஷங்கள்ல பரிணாமம்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு விளங்க வைக்க இதை விட நல்ல உதாரணம் எனக்கு கெடச்சதில்ல.

இப்ப ஏன் ரெண்டு செத்துச்சுன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். பாறையில மோதி நுரைக்குற குளுமையான தண்ணியில ஆக்சிஜன் நெறைய கரைஞ்சிருக்கும், இதோட உடம்பு அதுக்குத்தான் பழகினது. மூடி போட்ட போத்தல், சூடான கார், அசையாத தண்ணி, நாலு உயிரு. மூச்சு முட்டித்தான் செத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால வடிகால்ல முட்டை போடுற தேரை இருக்கே, மலாய்க்காரங்க கட்டாக் புருன்னு சொல்றது, அதோட குஞ்சு இப்படி சாகாது, அது சேத்துக் குட்டையில, வெயில்ல சுட்ட தண்ணியில கூட தாக்குப் புடிக்கும். உங்க மகள் வேணும்னு ஒண்ணும் செய்யல, அவகிட்ட கோபப்படாதீங்க.

பெருசானா எப்படி இருக்கும்னா, நீங்க நெனைக்குற தேரை மாதிரியே இருக்காது. வீட்டுத் தேரை குண்டா, கண்ணுக்குப் பின்னால ரெண்டு பெரிய விஷச் சுரப்பி புடைச்சுக்கிட்டு, உக்காந்த எடத்துல உக்காந்திருக்கும். ஓடைத் தேரைக்கு அந்தச் சுரப்பியே கெடையாது. ஒல்லியா, கை கால் நீளமா, கட்டைவிரல் நுனி அளவுக்கு, கறுத்த தோல்ல பொடிப் பொடியா மரு. ஈரப் பாறை மேல உக்காந்தா பாறையோட ஒரு துண்டு மாதிரியே இருக்கும், பகல்ல நீங்க அது மேல கால் வைக்கிற வரைக்கும் தெரியாது. ராத்திரி டார்ச் அடிச்சு போனா ஓடை ஓரத்துல பாறை மேலயும், சில நேரம் முழங்கால் உயரத்துல இலை மேலயும் உக்காந்திருக்கும். எறும்பு மாதிரி சின்னப் பூச்சிதான் இந்தக் குலத்தோட சாப்பாடு. ஆண் தேரை கூப்பிடுற சத்தம் தவளைச் சத்தம் மாதிரியே கேக்காது, ஏதோ பூச்சி கிறீச்சிடுற மாதிரி மெல்லிசா, உச்சத்துல இருக்கும், ஏன்னா ஓடைச் சத்தம் கனமான சத்தம், அதுக்கு மேல கேக்கணும்னா குரலை ஏத்தித்தான் ஆகணும். மொத தடவை நான் அதைக் கேட்டப்ப கால் மணி நேரம் மரத்துல பூச்சியத் தேடிக்கிட்டிருந்தேன், காலடிக் கல்லுல அது உக்காந்திருந்துச்சு.

முட்டை விஷயத்துலயும் வித்தியாசம் இருக்கு. வடிகால் தேரை ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்குல, கறுப்பு மணி கோத்த கயிறு மாதிரி போடும், அதுல பத்து பொழைச்சா போதும்னு. ஓடைத் தேரைங்க போடுறது ரொம்ப கம்மி, ஆனா ஒவ்வொண்ணும் மஞ்சக்கரு நெறைஞ்ச பெரிய முட்டை. கம்மியா பெத்து ஒவ்வொண்ணுலயும் முதல் போடுற உயிருக்கு ஒரு ஓடை கெட்டுப் போனா திரும்ப எழுந்திருக்க ரொம்ப காலம் ஆகும்.

பேரு வச்ச கதையை சொல்லாம விட மனசு வரல. 1870-ல இதுக்கு பேரு குடுத்தவரு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இப்ப செக் நாட்டுல இருக்குற மொராவியாவுல பொறந்தவரு, கல்கத்தாவுல இந்திய நிலவியல் துறையில வேலை. தமிழ்நாட்டுக்காரங்களும் அவருக்குப் பட்டிருக்குற கடன் ஒண்ணு இருக்கு, அரியலூர், திருச்சி பக்கம் பூமிக்குள்ள கெடைக்குற கடல் உயிர்களோட புதைபடிவங்க, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டு, சிப்பி, அதையெல்லாம் வரிசைப்படுத்தி பெரிய பெரிய தொகுதியா எழுதினவரும் இவருதான். அரியலூர் கல்லை ஆராஞ்ச அதே மனுஷன் கப்பல்ல பினாங்கு வந்து எறங்கி, மலை ஓடையில இந்தத் தேரையப் பார்த்து, இது தெரிஞ்ச எந்தக் குலத்துலயும் சேராதுன்னு புதுசா ஒரு குலமே ஆரம்பிச்சாரு. அன்சோனியாங்கற பேரு அப்ப பினாங்கு லெப்டினன்ட் கவர்னரா இருந்த ஆன்சனை வச்சு வந்தது, ஆன்சன் ரோடு தெரியுமில்ல, பேராக்ல இருக்குற தெலுக் இந்தானுக்கு தெலுக் ஆன்சன்னு பழைய பேரு இருந்துச்சே, அதே ஆன்சன். ஸ்டோலிச்கா 1874-ல லடாக் பக்கம் மலைப் பயணத்துல செத்துப் போனாரு, அப்ப வயசு 36. இன்னைக்கு அந்தக் குலத்துல மியன்மார், தாய்லாந்துல இருந்து போர்னியோ, பிலிப்பைன்ஸோட மிண்டனாவ் வரைக்கும் 30-க்கும் மேல இனங்க இருக்கு. அத்தனைக்கும் தலைமகன் நம்ம கொடிமலைத் தேரைதான், குலத்துக்கே அடையாளமா வச்ச இனம் அது.

பினாங்குல மட்டும்தானான்னு கேட்டீங்க. நூறு வருஷத்துக்கும் மேல தீபகற்பத்துல எங்க ஓடைத் தேரை கெடச்சாலும் இதே பேருலதான் எழுதி வச்சாங்க. அப்புறம் உடம்பளவு, கறை, மரபணுன்னு நெருங்கிப் பார்க்க ஆரம்பிச்சப்ப ஒவ்வொரு மலைக்கும் வேற வேற இனம்னு தெரிய வந்துச்சு. 2006-ல எண்டாவ் ரொம்பின் காட்டுல இருந்து ஒண்ணு, 2008-ல பகாங் பக்கத்துல இருந்து சிலது, அதுல ஒண்ணுக்கு அன்சோனியா ஜீத்சுகுமாரனி, நம்ம நாட்டுத் தவளை ஆராய்ச்சியாளர் ஒருத்தரோட பேரு. தியோமான் தீவுக்கு தனியா ஒண்ணு 1966-லயே எழுதியாச்சு. இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு வந்ததுல பினாங்கென்சிஸ்ங்கற பேருக்கு மிஞ்சினது பினாங்கு தீவு மட்டும்தான். உலகத்துல வேற எங்கயும் இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்ல கூட இல்ல.

ஏன் அப்படி? கடல் பிரிச்சதுன்னு எல்லாரும் சொல்வாங்க, பாதி சரி. 20,000 வருஷத்துக்கு முன்னால பனி யுகத்தோட உச்சத்துல கடல் மட்டம் இப்ப இருக்குறதை விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, அப்ப பினாங்கு தீவே இல்ல, சமவெளியில நிக்குற ஒரு மலை, நடந்தே கெடாவுக்குப் போகலாம். மனுஷன் போகலாம், யானை போகலாம், ஆனா இந்தத் தேரை போகாது. அதுக்கு வேணும்ங்கறது பாறை, சரிவு, தெளிஞ்சு ஓடுற தண்ணி. தீவுக்கு எதிர்க்கரையில செபராங் பிறை பக்கம் இருக்குறது சேறும் களிமண்ணும், மெதுவா நகர்ற ஆறும். இந்தத் தேரைக்கு அந்த சமவெளியும் கடலும் ஒண்ணுதான், ரெண்டையும் தாண்ட முடியாது. கடல் ஏறி தீவானதுக்கு ரொம்ப முன்னாலயே அது மலையில தனிச்சுப் போயிடுச்சுன்னுதான் நான் நெனைக்கிறேன். அரிதுன்னு சொன்னா ஒண்ணு ரெண்டுதான் மிச்சம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, நல்ல ஓடையில நல்ல ராத்திரியில பத்து பதினஞ்சு கூட பார்க்கலாம். ஆனா அந்த மாதிரி ஓடை உலகத்துல இந்த ஒரு தீவுல மட்டும், அதுலயும் மலைக்காட்டுல மட்டும்.

இன்னொண்ணு, மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இதே மாதிரி ஓடைத் தேரை இருக்கு, 1876-ல அதையும் அன்சோனியான்னே எழுதி வச்சாங்க. 2009-ல மரபணு பார்த்தப்ப அதுக்கும் நம்மளதுக்கும் நெருங்கின சொந்தம் இல்லன்னு தெரிஞ்சு காட்டோஃப்ரைன்னு தனிக் குலமாக்கிட்டாங்க. அங்கயே இன்னொரு அதிசயம், 2003-ல உலகத்துக்குத் தெரிய வந்த ஊதாத் தவளை, வருஷம் முழுக்க மண்ணுக்கடியில கெடந்து மழைக்கு மட்டும் வெளிய வர்றது, அதோட குஞ்சும் அருவிப் பாறையில வாயால ஒட்டிக்கிட்டுத்தான் வளருது. 2017-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கத்துல இருந்து அதோட தம்பி ஒண்ணுக்கும் பேரு வச்சாங்க. நெருங்கின சொந்தமே இல்லாத உயிருங்க, ஆயிரம் மைலுக்கும் மேல தள்ளி, அதே வாய். ஓடுற தண்ணியும் கல்லும் சேர்ந்தா குஞ்சுக்கு அப்படி ஒரு வாயைக் குடுத்துடுது.

சரி, இது எதனால அழியும்? உங்க மகள் நாலு எடுத்ததால அழியாது. இதுக்கு எமன் சேறு. கொடிமலைக் கருங்கல்லு மக்கி செம்மணலும் களியுமா ஆகியிருக்கு, மரம் வேரு இருக்குற வரைக்கும் அது மேல நிக்கும், மரத்தை எடுத்துட்டு ரோடு வெட்டினா, சரிவுல தோட்டம் போட்டா, மொத மழையிலயே எறங்கி ஓடைக்கு வந்துடும். தண்ணி தேத்தாரே, அதாவது இழுத்து ஆத்தின பால் தேத்தண்ணி, கலர்ல ஓடும், ரெண்டு நாள்ல தெளிஞ்சுடும், நமக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு தோணும். ஆனா பாறை மேல ஒரு மெல்லிசு களி படிஞ்சிருக்கும். அந்தக் களி மேல வாய்த்தட்டு ஒட்டாது, ஈரச் சுவத்துல டேப்பு ஒட்டின மாதிரி வழுக்கும். பாசி களிக்கு அடியில செத்துடும், அதனால சாப்பாடும் போச்சு. கல்லுக்கு நடுவுல இருக்குற சந்து எல்லாம் மணல் அடைச்சுக்கும், பெருசுங்க ஒளியிற எடமும் போச்சு. கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கும் ஆண்டவன் படி அளப்பான்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க, அந்தக் கல்லையே மூடிட்டா அவன் எங்க கொண்டுவந்து அளக்குறது?

நான் கண்ணால பார்த்தது ஒண்ணு. எடம் சொல்ல மாட்டேன், சொன்னா புடிக்கிறதுக்குன்னே வர்றவங்க இருக்காங்க. பல வருஷம் தொடர்ந்து போய்ப் பார்த்த ஒரு ஓடை, மேல சரிவுல யாரோ தோட்டத்துக்கு எடம் ஒதுக்க வெட்டிட்டாங்க. அந்த வருஷ மழைக்குப் பிறகு போனேன், காலுக்கடியில இருந்த வட்டக் கல்லு ஒண்ணு கூட தெரியல, எல்லாம் மணல் திட்டு. ராத்திரி ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருந்தேன், ஒரு குரல் இல்ல. அதே ஓடையில கால் மைல் மேல, வெட்டினதுக்கும் மேல பக்கம் ஏறிப் போனேன், அங்க கேட்டுச்சு. அப்படியே பாறையில உக்காந்து அழுதுட்டேன். கீழ இருந்ததெல்லாம் போயிடுச்சுன்னு துக்கமா, மேல இன்னும் இருக்குன்னு சந்தோஷமான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல.

பினாங்குல 76 மீட்டருக்கு மேல இருக்குற நிலமும் 25 டிகிரிக்கு மேல சாய்ஞ்ச நிலமும் மலை நிலம்னு திட்டக் கணக்குல வருது, கொடிமலையும் சுத்து வட்டாரமும் 2021 செப்டம்பர்ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு. ரெண்டும் ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஓடைக்கு காப்பகத்தோட எல்லை தெரியாது, சரிவுல எங்க ஒரு எடத்துல மண்ணு அசைஞ்சாலும் கீழ வரைக்கும் கொண்டுபோயிடும். அதனால மலையில எங்கயாவது புதுசா வெட்டினது தெரிஞ்சா, ஓடை காரணமில்லாம செவந்து ஓடினா, தேதி போட்டு படம் எடுத்து புகார் குடுங்க. தேரையக் காப்பாத்த உங்களால முடிஞ்சதுல இதுதான் பெருசு.

வளர்க்கலாமான்னா, வேண்டாம் தம்பி. சட்டப்படி காட்டுல இருந்து அனுமதி இல்லாம எடுக்கக் கூடாதுங்கறது ஒரு பக்கம். வீட்டுல அருவி செய்ய முடியாது, பம்பு வச்சு தண்ணிய சுத்த விட்டாலும் கல்லுப் பாசி தொடர்ந்து வளரணும், குளுமை வேணும், அப்படியே காலு மொளைச்சு தேரையானாலும் கடுகு மாதிரி இருக்குற குட்டிக்கு தினமும் அதை விடப் பொடியான பூச்சி வேணும். பட்டினியில சாகும், உங்க மகள் அதையும் பார்க்க வேண்டி வரும்.

இப்ப திருப்பி விடுறதைப் பத்தி, இதுல கொஞ்சம் கவனம் வேணும். தவளைங்களோட தோலைத் தாக்குற கைட்ரிட்னு ஒரு பூஞ்சை இருக்கு, ஆஸ்திரேலியாவுலயும் தென் அமெரிக்காவுலயும் பல இனங்களையே இல்லாம ஆக்கினது, நம்ம தீபகற்பத்துத் தவளைங்கள்லயும் பதிவாகியிருக்கு. அதனால இதுங்களை வீட்டுல கடையில வாங்கின மீனு, ஆமை, தவளை எதோடயும் ஒரே தண்ணியில போட்டிருந்தா ஓடையில விடாதீங்க, அந்தத் தண்ணியையும் ஊத்தாதீங்க, நேரா யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உயிரியல் துறைக்கு போன் போட்டு கேளுங்க. தனியாவே வச்சிருந்தா பயமில்ல, கொண்டு போங்க.

காலையில ஏழு மணிக்குள்ள கெளம்புங்க, வெயில் ஏறாது. மூடியுள்ள டப்பாவுல பாதி தண்ணி, பாதி காத்து, ஈரத்துணி சுத்தி குளுமைப் பையில, ஐஸ் நேரடியா படக்கூடாது. கையில சன்ஸ்கிரீனோ கொசு மருந்தோ தடவியிருந்தா தொடவே தொடாதீங்க. செருப்பு, பூட்ஸ் வேற ஓடைக்குப் போட்டுப் போனதுன்னா கழுவி நல்லா காய வச்சுட்டுப் போங்க. எடுத்த அதே ஓடை, அதே பாறை, வேற கிட்ட இருக்குன்னு வேற ஓடையில விட வேண்டாம். டப்பாவை ஓடைத் தண்ணியில பத்து நிமிஷம் மெதக்க வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓடைத் தண்ணிய உள்ள விட்டு, சூடு சமமானதும் பாறையோட தண்ணி வேகம் கம்மியான பக்கத்துல டப்பாவை சாய்ச்சுப் புடிங்க. கையால புடுங்கி எடுக்காதீங்க, வாய்த்தட்டு கிழிஞ்சுடும், அதுவா விட்டுப் போகட்டும். மேல மலையில மழைக் கருக்கல் தெரிஞ்சா ஓடையில எறங்கவே வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் போங்க. விட்டதும் கொஞ்ச நேரம் பாருங்க, கல்லுல வாயை வச்சு அமுக்கி நின்னுடுச்சுன்னா பொழைச்சுக்கும். நின்னுச்சா இல்லையான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, நாளைக்கு பூரா பார்த்துக்கிட்டிருப்பேன்.